முள்ளுக்கு யார் பொறுப்பு?

"அண்ணா, ஆதார்ல பொறந்த தேதிய மாத்தணும்னா எங்க போகணும்?"

உத்தனப்பள்ளியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் கேட்டாள். மடியில் மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஊருக்குப் போனால் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாச் சந்தேகமும் என்னிடம்தான் வரும். பட்டாவில் எழுத்துப்பிழை, போன் ஹேங் ஆவது, ஓடிபி வராதது, எல்லாம்.

"எதுக்கு மாத்தணும்?"

"ரெண்டு வருஷம் கூட்டிப் போட்டா போதும்ணா."

காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிரசவத்தின்போது அவளுக்கு 19 வயது என்று சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள், பிறப்புப் பதிவிலும் அதுவே ஏறிவிட்டது. ஆதாரிலோ 17. இரண்டும் ஒத்துப்போகவில்லை. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் 18,000 ரூபாய் உதவிக்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாகமங்கலம் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை கேட்கலாம் என்றால் அங்கே 18 கேட்கிறார்கள். கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு மேல கேஸ் வந்துடும்னு பயமா இருக்குணா."

என் தொழிலில் இது ஒரு வரி வேலை. ஒரு டேபிள், ஒரு காலம், ஒரு எண். அந்த எண்ணை மாற்றிவிட்டால் மருத்துவமனை, கம்பெனி, போலீஸ், எல்லோரும் சமாதானமாகிவிடுவார்கள் என்று அவள் நம்பினாள். அவளுடைய பிரச்சினையை அவளைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது என்று இப்போது தோன்றுகிறது. எங்கு போனாலும் எல்லோரும் அவளிடம் ஒரு எண்ணைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

"அப்படியெல்லாம் மாத்த முடியாதும்மா" என்றேன். குழந்தை சிணுங்கியது. அவள் எழுந்து போய்விட்டாள்.

*

அவள் யார் என்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்குக் கதை புதிதல்ல. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. தக்காளி, கோஸ், ரோஜா, கேழ்வரகு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும். சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-ல் விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடிய ஊர். இன்னொரு பக்கம், பக்கத்திலேயே எழுந்த தொழிற்சாலைக்கு எங்கெங்கிருந்தோ, ஜார்க்கண்டிலிருந்துகூட, பதினெட்டு பத்தொன்பது வயதுப் பெண்கள் வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும்.

அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், வயது 16. பையனுக்கு 19. தக்காளிப் பெட்டி ஏற்றும் வண்டியில் போகிறவன். போனில் ஆரம்பித்தது. வீட்டுக்குத் தெரிந்ததும் அவளுக்கு அவசர அவசரமாகச் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அதைக் கேட்டு அவள் அவனோடு ஓடினாள். இரண்டு நாளில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "இனிமே யாரு கட்டிப்பாங்க" என்று இரு வீட்டாரும் பேசி, கர்நாடகா பக்கம் ஒரு சின்னக் கோயிலில் அவனுக்கே கட்டிவைத்தார்கள்.

இங்கே ஒரு சுழல் இருக்கிறது. காதலித்துவிடுவாளோ என்ற பயத்தில் பெற்றோர் கல்யாணம் பேசுகிறார்கள். கல்யாணம் பேசிவிட்டார்களே என்ற பயத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஒரு வீட்டுப் பெண் ஓடினால் அடுத்த பத்து வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்குகிறது. 'அவளாகத்தான் போனாள்' என்று ஊர் சொல்கிறது. போனாள், உண்மை. ஆனால் அவள் முன்னால் இருந்தவை இரண்டே கதவுகள், இரண்டும் கல்யாண மண்டபத்துக்குள்தான் திறந்தன. மூன்றாவதாக, பத்தாவது பரீட்சை எழுதப் போகிற கதவு ஒன்று இருந்தது. அதைப் பூட்டியவர்கள் பெரியவர்கள்.

எங்கள் மாவட்டத்தில் கதவே இல்லாத கல்யாணங்களும் நடக்கின்றன. 2025 மார்ச்சில், மலைக்கிராமம் ஒன்றில் 14 வயதுச் சிறுமியை, அவள் கதறக் கதற, கட்டிவைத்தவனின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போகும் வீடியோவை நாடே பார்த்தது. கைதும் நடந்தது. அதைப் பார்த்து எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது, எனக்கும்தான். ஆனால் எங்கள் தெருப்பெண் கத்தவில்லை. சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். கத்தாத இடத்தில் அநியாயத்தைக் கண்டுபிடிப்பது நமக்குக் கஷ்டமாக இருக்கிறது.

*

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு அம்மா போனில் சொன்னார். "நம்ம பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வியாழக்கிழமை கல்யாணமாம்டா. ஸ்கூல் போற புள்ள. யாருகிட்டயும் சொல்லாத." நான் ஆபீஸ் கேன்டீனில் இருந்தேன். 1098 என்ற எண் எனக்குத் தெரியும். டயலரில் அடித்தும் பார்த்தேன். அழைக்கவில்லை.

ஏன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் உயர்வாக இருந்தது: போக்சோ வழக்கு வந்தால் 19 வயதுப் பையன் ஜெயிலுக்குப் போவான், ஒரு காதலைக் குற்றமாக்கும் வேலையை நான் செய்ய வேண்டாம். உண்மையான காரணம் சின்னது. யார் சொன்னது என்று தெரிந்தால் அம்மா அந்தத் தெருவில் இருக்க முடியாது.

அந்த உயர்ந்த காரணமும் தப்பு என்று பின்னால்தான் புரிந்தது. 2006-ம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் நடக்கப்போகும் திருமணத்தை மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டு நிறுத்த வழி இருக்கிறது. அதற்கென்றே அதிகாரி இருக்கிறார். தமிழ்நாட்டில் மாவட்டச் சமூக நல அலுவலர் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். திங்கட்கிழமை நான் பேசியிருந்தால் விஷயம் பெரும்பாலும் ஒரு கல்யாணத்தை நிறுத்துவதாக இருந்திருக்கும். அப்போதும் வழக்கு வந்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வியாழக்கிழமைக்குப் பிறகு, முக்கியமாக அவள் வயிற்றில் குழந்தை வந்த பிறகு, சொல்வது என்றாலே தண்டனை என்று ஆகிவிட்டது. சீக்கிரம் சொன்னால் தடுப்பது, தாமதித்துச் சொன்னால் தண்டிப்பது. அந்தப் பையனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவனைச் சட்டத்தின் வாசலில் நிறுத்தியவர்களில் நானும் ஒருவன்.

போக்சோ சட்டப்படி இப்படி ஒன்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். சட்டம் தெரிந்த நண்பர், "இதையெல்லாம் எழுதாதடா" என்றார். மற்றவர்களின் பொறுப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் இதைச் சொல்லாமல் முடியாது என்று தோன்றியது.

*

ஊரில் பெண்பிள்ளை இருக்கும் எல்லா வீட்டிலும் ஒரு பழமொழி உண்டு. முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும், கிழியறது சேலைதான்.

இதை ஆணாதிக்கம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. முதல் பாதி உண்மை. கிழிவது சேலைதான். கர்ப்பப்பை இருப்பது ஒருவரிடம்தான். இருபதைத் தாண்டிய தாயைவிடப் பதின்வயதுத் தாய்க்கு வலிப்பு, பிரசவத்துக்குப் பிந்தைய தொற்று போன்ற ஆபத்துகள் அதிகம் என்றும், குழந்தை குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறக்கும் வாய்ப்பு அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் தெருப்பெண்ணுக்கு ரத்தம் குறைவாக இருந்து பிரசவத்தின்போது ஏற்றினார்கள். வயது வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில் ஆறாவது மாதம்வரை அவள் எந்த நர்ஸ் கண்ணிலும் படவில்லை. இதெல்லாம் விளைவு. உடம்பில் நடப்பது, யார் நியாயம் பேசினாலும் நிற்காது.

சிக்கல் பழமொழி முடிந்த பிறகு ஆரம்பிக்கிறது. 'அதனால நீதான் பாத்து நடக்கணும்' என்று அம்மாக்கள் சேர்த்துக்கொள்வார்களே, அந்த இடத்தில். விளைவு அவளுக்கு, ஆகவே பொறுப்பும் அவளுக்கு. இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது?

விளைவு தானாக விழும். பொறுப்பு அப்படி விழுவதில்லை, மனிதர்கள் அதை ஒருவர்மேல் வைக்க வேண்டும். வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. யாருக்குத் தெரிந்திருந்தது, யாருக்கு மாற்றும் சக்தி இருந்தது, யாருக்கு வேறு வழி இருந்தது. இந்த மூன்றையும் வைத்து அளந்தால், அந்தக் கல்யாணத்தில் ஆகக் குறைந்த பொறுப்பு அந்தப் பெண்ணுக்குத்தான். அவளுக்கு அடுத்துக் குறைவு அந்தப் பையனுக்கு. அதிகப் பொறுப்பு தாலி எடுத்துக்கொடுத்தவர்களுக்கு, சாப்பிட்டுவிட்டு மொய் எழுதியவர்களுக்கு, போனை எடுத்து அடிக்காமல் வைத்தவனுக்கு. நடந்ததோ நேர்த்தலைகீழ். பத்தாவது நின்றது அவளுக்கு, ரத்தம் ஏற்றியது அவளுக்கு, இன்றைக்கு ஆதார் திருத்த அலைவதும் அவளே. மொய் எழுதியவர்கள் அடுத்த வாரம் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

முள்ளைப் பற்றிப் பழமொழி எதுவும் சொல்லவில்லை. முள் தானாக நடந்து வருவதில்லை. வேலி போட்டவர்கள் இருக்கிறார்கள்.

*

இந்தப் பொறுப்பைச் சட்டம் எப்படி வைக்கிறது?

சட்டத்தின் கருவியும் ஒரு எண்தான். உடலுறவுக்குச் சம்மதிக்கும் வயது 1860-ல் 10. கல்கத்தாவில் பத்துப் பதினோரு வயதுச் சிறுமியான பூல்மணி, கணவனால் இறந்த பிறகு, 1891-ல் 12 ஆக்கினார்கள். அதற்கே நாட்டில் பெரிய எதிர்ப்பு. 1925-ல் 14, பிறகு 16, 2012-ல் 18. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு குழந்தையின் உடம்பு இருக்கிறது. அதனால் 18 என்ற எண்ணை நான் லேசாகப் பேசமாட்டேன். ஆனால் எண் கோடு போடும், கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தவரைத் தூக்கிவிடாது. உதவித்தொகைக்கு 19 என்று வைத்ததன் நோக்கம் இளவயதுக் கல்யாணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பது, நல்ல நோக்கம். அதன் பலன், ரத்தம் குறைந்த 17 வயதுத் தாய்க்குச் சத்தான சாப்பாட்டுக்கான பணம் இல்லை.

எல்லையும் விளையாடுகிறது. கர்நாடகம் 2016-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி அங்கே குழந்தைத் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. தமிழ்நாட்டில் மத்தியச் சட்டப்படி, குழந்தையாக இருந்தபோது கட்டிவைக்கப்பட்டவர் நீதிமன்றம் போய் ரத்து கேட்டால்தான் செல்லாது. அதையும் மேஜராகி இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஒரு கணக்கு, தாண்டாவிட்டால் ஒரு கணக்கு. தாலி கட்டிய கோயில் எந்தப் பக்கம் என்பது அவர்கள் யாருக்கும் கேள்வியாகவே இல்லை.

இன்னொரு பக்கம் தண்டனை. மேற்கு வங்கத்தில் நடந்த ஒரு வழக்கை இதற்காகவே பல முறை படித்தேன். 2018-ல் 14 வயதுச் சிறுமி 25 வயதுக்காரருடன் வீட்டை விட்டுப் போகிறாள். குழந்தை பிறக்கிறது. விசாரணை நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு சிறை விதிக்கிறது. 2023 அக்டோபரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவரை விடுவிக்கிறது. விடுவிக்கும்போது, பதின்வயதுப் பெண்கள் ஆசைகளைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று புத்திமதியும் சொல்கிறது. அதாவது, சேலை கதை. உச்ச நீதிமன்றம் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்து 2024 ஆகஸ்டில் தீர்ப்பை ரத்து செய்தது, குற்றம் குற்றம்தான் என்றது. ஆனால் தண்டனையை முடிவு செய்யும் முன் அந்தப் பெண்ணின் நிலையை அறிய ஒரு குழுவை அனுப்பியது. குழு பார்த்தது வேறு. அவளை அதிகம் சிதைத்தது போலீஸ், கோர்ட், வக்கீல் செலவு, கடன், அவரை மீட்க அவள் நடத்திய ஓயாத போராட்டம். சொந்த வீடு கைவிட்டது, ஊர் பழித்தது, அரசு அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவருக்குத் தண்டனை விதிக்காமல் விட்டது. அவளுடைய படிப்பையும் குழந்தையின் படிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டியது மாநில அரசு என்றது.

14-க்கும் 25-க்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை என்னால் காதல் என்று கடந்துவிட முடியவில்லை. அந்த வழக்கு எனக்குக் காட்டியது இன்னொன்றை. தண்டனை கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். ஜெயிலில் இருக்கும் அப்பா பால் பாக்கெட் வாங்கிவர முடியாது. தமிழ்நாட்டிலும் இந்த உணர்வு வந்திருக்கிறது. பதின்வயதினரின் காதல் வழக்குகளில் போக்சோவை இப்படி ஓட்டக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ஒரு தீர்ப்பில் கவலைப்பட்டது. அப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் டிஜிபி சுற்றறிக்கை அனுப்பினார்.

*

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சர்வர் விழுந்தால், சரிசெய்த பிறகு எல்லோரும் உட்கார்ந்து 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' எழுதுவோம். யார் தப்பு என்று கேட்கக் கூடாது, எந்த இடத்தில் அமைப்பு இதை அனுமதித்தது என்றுதான் கேட்க வேண்டும். இந்தக் கல்யாணத்துக்கு அப்படி ஒன்று எழுதிப் பார்த்தேன். பத்தாவதில் ஒரு பெண் பத்து நாள் வராதபோது வீட்டுக்கு யாரும் போகவில்லை. உடம்பைப் பற்றி அவளிடம் பேசிய ஒரே ஆசிரியர் யூடியூப். பெற்றோருக்கு மகளின் போன் பற்றிப் பயம் இருந்தது, பேசத் தெரியவில்லை. கருத்தடை என்ற சொல்லை அந்தப் பையன் சுவர் விளம்பரத்தில் மட்டும் பார்த்திருக்கிறான். பட்டியல் நீண்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18-க்கு முன்பே மணமானவர்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் தாயாகியோ கர்ப்பமாகவோ இருந்தார்கள். இத்தனை பேருக்கு ஒரே மாதிரி நடக்கிறது என்றால் அது தனிப்பட்ட ஒழுக்கக்கேடாக இருக்க முடியாது.

ஆனால் எழுதி முடித்துப் படித்தபோது உறுத்தியது. யார்மேலும் பழி இல்லாத அறிக்கையில் யாருக்கும் வேலையும் இல்லை. 'அமைப்பு' என்று எழுதிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம்.

அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மேரியன் யங் இதைத்தான் யோசித்தார். அவர் இறந்த பிறகு 2011-ல் வந்த புத்தகத்தில், தப்பே செய்யாமல் வீடிழக்கும் நிலைக்கு வரும் ஒரு தாயை உதாரணமாக வைக்கிறார். அங்கே குற்றவாளி என்று யாரையும் காட்ட முடியாது, ஆனால் அநீதி இருக்கிறது. அவர் சொல்வதன் சாரம்: பொறுப்பு இரண்டு வகை. ஒன்று திரும்பிப் பார்த்து, நடந்ததற்குக் குற்றவாளியைத் தேடுவது. இன்னொன்று முன்னால் பார்ப்பது. இந்த நிலைமையை உண்டாக்கிய வலையில் நானும் ஒரு கண்ணி, ஆகவே இனி நடக்க வேண்டியதில் எனக்கும் பங்கு உண்டு. முதல் வகையில் நாம் தப்பித்துவிடலாம். இரண்டாவதில் முடியாது.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்திலேயே இந்த இரண்டாவது வகையின் விதை இருக்கிறது. யாரும் பேசாத பிரிவுகள். கல்யாணம் ரத்தானாலும் அதில் பிறந்த குழந்தை முறையான வாரிசுதான். பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டு. கணவன் மைனர் என்றால் அதை அவனுடைய பெற்றோரோ பாதுகாவலரோ கொடுக்க வேண்டும். 'சின்னஞ்சிறுசுக தெரியாம பண்ணிட்டாங்க' என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் விலக முடியாது. தெரியாத வயது என்றால் தெரிந்தவர் சுமக்க வேண்டும் என்பது அதன் நியாயம்.

*

இதையெல்லாம் யோசித்தபோது நான் செய்த இன்னொரு தவறும் தெரிந்தது. அவளுக்குப் பொறுப்பு குறைவு என்று அளந்து முடித்தவுடன், அவளைப் பற்றி அவளில்லாமலே முடிவெடுக்க ஆரம்பித்திருந்தேன். படிக்க வைக்கணும், கவுன்சலிங் போகணும், அந்தப் பையனிடம் பேசணும். அவள் அப்பா செய்ததும் இதுதானே? பழி வேண்டாம் என்பது சரி. ஆனால் அதோடு சேர்த்து அவளுடைய குரலையும் பிடுங்கிவிட்டால், சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பதுபோல் ஆகிவிடும். 17 வயதுக்காரியிடம் நடந்ததற்குக் கணக்கு கேட்பதும், இனி நடக்க வேண்டியதைப் பற்றி விருப்பம் கேட்பதும் வேறு வேறு.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவளிடமே கேட்டேன். "ஆதார் விடு. உனக்கு என்ன வேணும்?"

யோசித்தாள். இந்தக் கேள்வி அவளுக்குப் பழக்கமில்லை என்று தெரிந்தது. "அடுத்தது உடனே வேணாம்ணா" என்றாள், குழந்தையைக் காட்டி. இதை எங்கள் அம்மா உள்ளேயிருந்து கேட்டு, கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்று போனில் சொன்ன அதே அம்மா. அங்கே போனால் வயது தெரியும், கேள்வி வரும். தெரிந்துதான் சொன்னார்.

பிறகு அவள், "பத்தாவது எழுதணும். கம்பெனில பத்தாவது கேக்கறாங்க" என்றாள். தனித்தேர்வராக எழுதலாம், அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பதிய வேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தேன். ஒரு வேலைநாளில் மூவரும் தேர்வுத்துறையின் சேவை மையத்துக்குப் போனோம். மூன்றாவது ஆள் அந்தப் பையன். அன்றைய கூலி போனதைப் பற்றி வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். அது அழுதபோது என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் கையைக் காட்டி, தோளில் போட்டுத் தட்டச் சொன்னாள்.

விண்ணப்பத்துக்கான விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். பெயர், தகப்பனார் பெயர், முகவரி. பிறந்த தேதி வந்ததும் பேனா நின்றது. என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே பார்த்தாள். பையன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.

உண்மையான தேதியை எழுதினாள்.